திரையில் தெரியும் ஆரஞ்சு நிறம்

பயணப் பைகளைச் சோதிக்கும் ஊடுகதிர்க் கருவி கரிமப் பொருள்களை ஆரஞ்சு நிறத்திலும் உலோகங்களை நீலத்திலும் காட்டுவதால், காரைக்காலை அடுத்த நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023-இல் தொடங்கிய கப்பல் சேவையில் ஒருவர் எடுத்துச்செல்லும் கருப்பட்டியும், எவரும் எடுத்துச்செல்லக் கூடாத வெடிமருந்தும் திரையில் ஏறத்தாழ ஒரே சாயலில் தெரியக்கூடும். இயந்திரக் கற்றல், அதாவது ஏராளமான மாதிரிப் படங்களைப் பார்த்துக் கணினி தானாகவே வேறுபாட்டைப் பழகிக்கொள்ளும் முறை, இங்கே கைகொடுக்கிறது. ஆனால் உண்மையான ஆயுதம் பையில் அகப்படுவது மிக அரிது என்பதால், மாதிரிப் படங்களைத் திரட்டுவதே இத்தகைய நிரலை உருவாக்க முனையும் புத்தொழில் நிறுவனத்தின் பெரும்பாடு. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமே 2017-இல் உடற்சோதனைப் படங்களை வெளியிட்டு, 15 லட்சம் டாலர் பரிசு அறிவித்து நிரலாளர்களை அழைத்தது. காரைக்காலில் இயங்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்கள் இத்துறையில் இறங்கினால், கருவாடும் தேங்காயெண்ணெயும் நிறைந்த நம்மூர்ப் பைகளிலிருந்தே தொடங்குவது நல்லது. வெளிநாட்டுப் பெட்டிகளில் பழகிய நிரல் ஓயாமல் வீண் எச்சரிக்கை எழுப்பினால், சோதனையாளர் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார்.