ஓஸ்லோ நகரத்து ஞாயிற்றுக்கிழமை

நார்வே தேசத்துத் தலைநகரமாகிய ஓஸ்லோவுக்கு ஜூன் மாதக் கடைசியில் செல்கிறவர்கள் முதலில் வியப்பது அங்குள்ள சூரியனைப் பார்த்துத்தான். இரவு பத்தேமுக்கால் மணி சுமாருக்கே அவன் அஸ்தமிக்கிறான். இத்தனை வெளிச்சம் இருக்கிறதே, சாவதானமாகக் கடைக்குப் போவோம் என்று எண்ணினால் ஏமாற வேண்டியதுதான். சூரியனுடைய கடிகாரம் வேறு. கடைவீதியின் கடிகாரம் வேறு.

முக்கியமாக ஞாயிற்றுக்கிழமை. அன்று கடைகளைத் திறக்கலாகாது என்பது அங்கே வழக்கம் மாத்திரமன்று, சட்டம். துணிக்கடை, புத்தகக்கடை, பெரிய பலசரக்குக் கடை யாவும் மூடிக் கிடக்கும். ஹோட்டல்களுக்கும் பெட்ரோல் கடைகளுக்கும் விலக்கு உண்டு. 100 சதுர மீட்டருக்கு மேற்படாத பலசரக்குக் கடைகளையும் திறக்கலாம். இந்தச் சிறு கடைகளுக்கு ஜனங்கள் ‘புரூஸ்டாட் கடை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அச்சட்டத்தோடு பெயர் பிணைந்துவிட்ட சில்வியா புரூஸ்டாட் என்ற தொழிற்கட்சிப் பெண்மணியைக் குறித்த கேலிப் பெயர் அது. வியாபாரிகளா சும்மா இருப்பார்கள்? வாரத்தில் ஆறு நாளும் பெரிய கடையை நடத்திவிட்டு, ஏழாம் நாள் அதைப் பூட்டி, பக்கத்திலேயே சட்டத்தின் அளவுக்குள் அடங்கும் ஓர் அறையைத் திறந்து ரொட்டியும் பாலும் விற்பவர்கள் உண்டு. சட்டம் எங்கே உண்டோ அங்கே சாமர்த்தியமும் உண்டு போலும்!

சுற்றுப் பிரயாணிகளுக்கு இது அசௌகரியமே. ஆனால் கடையில் நாள் முழுதும் நின்று வேலை செய்யும் சிப்பந்தியின் பக்கத்திலிருந்து பார்த்தால் விஷயம் வேறு. மனைவி மக்களோடு சேர்ந்தாற்போல் ஒரு நாள் வீட்டிலிருக்கும் உரிமையை அந்தப் பூட்டு காத்துத் தருகிறது. 2015-ஆம் ஆண்டை ஒட்டி அந்நாட்டுச் சர்க்கார் ஞாயிற்றுக்கிழமையிலும் கடைகளைத் திறக்க அனுமதி தர முயன்றது. தொழிற்சங்கங்களும் மாதாகோயிலாரும் ஒருங்கே எதிர்த்தனர். யோசனை கைவிடப்பட்டது. பணம் படைத்த தேசம் ஒன்று, வியாபாரத்தைவிட ஓய்வு பெரிது என்று தீர்மானித்ததை நம் பெரிய ஊர்களின் ஜவுளிக்கடை முதலாளிகள் சற்றே கவனிக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய மூன்று ஞாயிறுகளில் மட்டும் பிற்பகல் 2 மணி முதல் 8 மணி வரை திறக்கலாம்.

மது விஷயத்தில் கண்டிப்பு இன்னும் அதிகம். பலசரக்குக் கடையில் பீர் விற்பனை வார நாட்களில் இரவு 8 மணியோடும், சனிக்கிழமை மாலை 6 மணியோடும் நின்றுவிடும். மற்றப் பானங்களைச் சில்லறையில் விற்கும் உரிமை 1922-ல் ஏற்பட்ட ‘வின்மோனோபோலெட்’ என்னும் சர்க்கார் ஸ்தாபனத்துக்கே உரியது. நம் வாசகர்களில் பெரும்பாலோருக்கு இதனால் யாதொரு கஷ்டமும் இராது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமையைக் காட்சிசாலைகளுக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம். 2022-ல் திறக்கப்பட்ட தேசியக் காட்சிசாலைக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. அதுவும் தவறினால் விகெலாண்ட் சிற்பத் தோட்டம் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் செல்லலாம், கட்டணமில்லை. ஒரே கல்லில் 121 மனித உருவங்கள் ஒன்றன்மேலொன்றாகப் பின்னி ஏறும் ஸ்தம்பத்தை ஜூன் மாத நள்ளிரவு அரையொளியில் பார்ப்பதும் ஒரு பாக்கியமே.

ஈஸ்டர் வாரத்தில் செல்வோருக்கு ஓர் எச்சரிக்கை. வியாழன், வெள்ளி, ஞாயிறு, திங்கள் நான்கு நாளும் கடையடைப்பு. நடுவிலுள்ள சனிக்கிழமை மாலை 4 மணி வரைதான் வியாபாரம். ஊராரில் பலர் மலைக் குடில்களுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். ரொட்டியும் பழமும் புதன்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.