எலும்பு சொன்ன கதை

மூட்டுவலி யாருக்கு வரும்? வயதானவர்களுக்கு வரும். ஓயாமல் உழைத்தவர்களுக்கு வரும். விலங்குகளுக்கும் வரும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த விலங்குகளுக்கும் மூட்டு நோய் வந்திருக்கிறது. அது எப்படித் தெரியும்?

இரண்டு எலும்புகள் சேரும் இடம்தான் மூட்டு. எலும்பின் முனையில் வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அதனால் எலும்புகள் உரசாமல் அசைகின்றன. குருத்தெலும்பு தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசும். வலிக்கும். நாளடைவில் எலும்பும் அரித்துப் போகும்.

விலங்கு இறந்தால் சதை அழுகிவிடும். சில சமயம் எலும்பு சேற்றில் புதைந்து, மெல்ல மெல்லக் கல்லாகிவிடும். இதைப் புதைபடிவம் என்பார்கள். நோயின் தடமும் அதில் தங்கிவிடும். இதற்கு ஓர் உதாரணம் உண்டு.

இங்கிலாந்தில் வெஸ்ட்பரி என்ற ஊர் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு அங்கே களிமண் குழியில் ஒரு மண்டை ஓடு கிடைத்தது. அதன் நீளம் 1.8 மீட்டர். ஓர் ஆள் உயரம்! அது பிளியோசார் என்ற கடல் விலங்கின் தலை. அந்த விலங்கு சுமார் 8 மீட்டர் நீளம். முதலை போன்ற தலை. துடுப்பு போன்ற நான்கு கால்கள். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. இன்று அந்த இனமே இல்லை.

பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் தலையை ஆராய்ந்தார்கள். 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். இடது பக்கத் தாடை மூட்டு அரித்துப் போயிருந்தது. மூட்டுவாதம் போன்ற நோய் அது.

உங்கள் காதுக்கு முன்னால் விரலை வையுங்கள். வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே ஏதோ அசைகிறதா? அதுதான் தாடை மூட்டு.

பிளியோசாருக்கு அந்த மூட்டு கெட்டது. கீழ்த்தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. மேல்பற்கள் கீழ்த்தாடை எலும்பில் குத்தின. குத்திய இடங்களில் தடம் விழுந்திருக்கிறது. ஒரே நாளில் இப்படித் தடம் விழாது. பல ஆண்டுகள் அது கோணல் வாயோடு இரை பிடித்துத் தின்றிருக்கிறது.

கடைசியில் தாடை எலும்பு முறிந்தது. முறிந்த எலும்பு நாளடைவில் கூட வேண்டும். இதில் கூடவே இல்லை. தாடை முறிந்தபின் இரை தின்ன முடிந்திருக்காது. அதுவே அதன் சாவுக்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அரித்த மூட்டு, பல் குத்திய தடம், கூடாத முறிவு. நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பது போல, ஆய்வாளர்கள் இந்த மூன்றையும் கூட்டிப் படித்தார்கள். எப்போதோ மறைந்த ஒரு விலங்கின் கதை தெரிந்தது.