பழைய வண்டியும் கிளைப் புகைக்குழலும்

மோட்டார் வண்டியின் எந்திரத்திற்கும் மூச்சு உண்டு. காற்றையும் எரிபொருளையும் உள்ளே வாங்குவதும், எரிந்த புகையை வெளியே விடுவதும் ஆகிய இரண்டும் ஓயாது நிகழ்ந்தால்தான் வண்டி ஓடும். ஒவ்வொரு சிலிண்டரும் வெளிவிடும் புகையைத் தனித்தனிக் கிளையால் ஏற்று, ஒரே வாயில் சேர்த்து, வண்டியின் அடியே பின்புறம் நோக்கிச் செல்லும் நீண்ட குழாய்க்கு அளிக்கும் வார்ப்பிரும்பு உறுப்பு ஒன்று உண்டு. பட்டறைகளில் அதனை ‘எக்ஸாஸ்ட் மேனிபோல்டு’ என்பர். தமிழில் அதனைக் கிளைப் புகைக்குழல் எனலாம். கிளை என்றவுடன் மரம் நினைவுக்கு வரினும், பல துணையாறுகள் வந்து கூடும் பேராற்றையே இவ்வுறுப்பு பெரிதும் ஒத்திருக்கிறது.

இக்குழலின் வாழ்வு கடினமானது. பல நூறு பாகை வெப்பமுடைய புகை இதனுள் பாய்கிறது. வண்டி ஓடும்போது இரும்பு விரிகிறது. நின்றபின் குளிர்ந்து சுருங்குகிறது. நாள்தோறும் இவ்வாறு விரிந்தும் சுருங்கியும் வருவதால், ஆண்டுகள் பல சென்றபின் அது வெடிப்புறுதலும் வளைந்துபோதலும் இயல்பே. வெடிப்பின் வழியே கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வளி கலந்துள்ளது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது உயிர்வளியைக் காட்டிலும் இருநூறு மடங்கிற்கும் மேலான வலிமையுடன் பிணைந்துகொள்ளும். எந்திரத்தின் பக்கத்தில் கசியும் இவ்வளி வண்டிக்குள் புகுமாயின், கதவடைத்து அமர்ந்திருப்போர் தலைவலியென்றும் மயக்கமென்றும் எண்ணுவதற்குள் உயிருக்கே இடர் நேரலாம். ஆதலின் வெடித்த குழலை மாற்றுதல் இன்றியமையாதது. மாற்றும் குழல் எந்திரத்திற்குச் சரியாகப் பொருந்துவதாயும் இருத்தல் வேண்டும். பொருந்தாத புதுக்குழலும் பழங்குழலைப் போலவே கசியும்.

பொருந்தும் குழல் எது என்று அறிவதிலேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. வண்டியின் பெயரைச் சொன்னால் போதுமென்று பலர் கருதுகின்றனர். மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் செய்யப்பெற்ற அம்பாசடர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1950களின் இறுதியில் தோன்றி 2014 வரை அது உற்பத்தி செய்யப்பட்டது. புறத்தோற்றம் பெரிதும் மாறாத அவ்வண்டியின் எந்திரமோ பலமுறை மாறியது. முதலில் 1476 கன செ.மீ. கொள்ளளவுள்ள எந்திரம் இருந்தது. அதன் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் அமைந்திருந்தன. 1959-இல் அதற்கு மாறாக, வால்வுகள் மேலே அமைந்த 1489 கன செ.மீ. எந்திரம் வந்தது. பின்னர் டீசல் எந்திரமும், 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் வடிவமைப்பில் அமைந்த 1817 கன செ.மீ. பெட்ரோல் எந்திரமும் சேர்ந்தன. ஒரே முகத்தையுடைய வண்டிக்குள் இத்தனை வேறுபாடு! கொள்ளளவைச் சொன்னாலும் ஐயம் தீராது. 1489 என்னும் அதே அளவில் பெட்ரோல் எந்திரமும் உண்டு, டீசல் எந்திரமும் உண்டு. இரண்டின் தலைப்பகுதிகளும் வேறு வேறு. அஃதன்றி, பெட்ரோல் எந்திரத்தை எடுத்துவிட்டு டீசல் எந்திரத்தைப் பொருத்திக்கொண்ட பழைய வண்டிகளும் பல. எனவே பதிவுப் புத்தகத்தில் உள்ள எந்திர எண்ணும், எந்திரத்தின் மீது பொறித்துள்ள எண்ணும் ஒத்துள்ளனவா என்று முதற்கண் பார்த்தல் வேண்டும்.

அடுத்து நோக்கத்தக்கவை புகை வெளிவரும் துளைகள். பக்க வால்வு எந்திரத்தில் அவை எந்திரத்தின் உடற்பகுதியிலேயே அமைந்திருக்கும். மேல்வால்வு எந்திரத்திலோ தலைப்பகுதியில் அமைந்திருக்கும். முன் கூறிய 1489 பெட்ரோல் எந்திரத்தில் சிலிண்டர்கள் நான்காயினும் புகைத்துளைகள் மூன்றே. முதற் சிலிண்டருக்கும் நான்காம் சிலிண்டருக்கும் தனித்தனித் துளை உண்டு. நடுவிலுள்ள இரண்டும் ஒரு துளையைப் பகிர்ந்துகொள்கின்றன. காற்று உட்புகும் துளைகளும் அதே பக்கத்தில் இடையிடையே அமைந்துள்ளன. நான்கு சிலிண்டருக்கு நான்கு கிளை என்று கணக்கிட்டுக் கடைக்குச் செல்பவர் வெறுங்கையுடனோ, அதனினும் கேடாக வேறொரு குழலுடனோ திரும்புவர்.

பழங்குழலின் மீது புடைத்து நிற்கும் எண்களும் உதவி செய்யும். இவை வார்ப்பெண்கள் எனப்படும். உருக்கிய இரும்பை வார்க்கும் அச்சிலேயே அமைந்தவை. துருவையும் கரியையும் கம்பித் தூரிகையால் நீக்கினால் தெளிவாகத் தோன்றும். ஆயினும் வார்ப்பெண்ணே உறுப்பின் விற்பனை எண் என்று கொள்ளுதல் தவறாகலாம். ஒரே வார்ப்பை இருவேறு வகையாகத் துளையிட்டு இரு வண்டிகளுக்குப் பயன்படுத்துதல் உண்டு. அமெரிக்கச் செவர்லே வண்டிகளின் பழைய எந்திர வார்ப்புகள் பலவற்றில் வார்த்த நாளும் குறிக்கப்பட்டிருக்கும். ஆங்கில எழுத்து ஒன்று திங்களையும், அதனையடுத்த எண் தேதியையும், இறுதி எண் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் காட்டும். இறுதியில் 6 என்றிருப்பின் அது 1956-உம் ஆகலாம், 1966-உம் ஆகலாம். சுற்றியுள்ள உறுப்புகளின் காலத்தோடு ஒப்பிட்டே அதனைத் துணிதல் இயலும். முன்பின் வரும் சொற்களை நோக்கி ஒரு சொல்லின் பொருளைத் துணியும் முறை இலக்கணம் பயில்வோர்க்குப் புதிதன்று.

எண் அழிந்துபோயிருப்பினும் பட்டறையினர் கலங்குவதில்லை. எந்திரத்தின் முகத்தில் தாளொன்றை வைத்து எண்ணெய் படிந்த விரலால் தேய்ப்பர். துளைகளும், திருகாணிகள் நிற்கும் இடங்களும் தாளில் பதிந்துவிடும். அத்தாளைப் புதுக்குழலின் மீது வைத்து நோக்கினால் உண்மை புலனாகும். குழலின் துளை எந்திரத் துளையினும் சிறிதாயிருப்பின் புகை தடைப்படும். திருகாணித் துளை சற்று விலகியிருந்தால் அரத்தால் அராவிப் புகுத்துவோரும் உளர். அது தகாத செயல். இரும்பு விரிவதற்காக முன்பே அளந்து விட்ட இடைவெளி அதனால் கெடும். புகைக்குழலும் காற்றுக்குழலும் அருகருகே நின்று, ஒரே வளையத்தால் இரண்டும் அழுத்தப்படும் எந்திரங்களில் விளிம்பின் தடிப்பையும் அளத்தல் வேண்டும். ஒன்று தடித்தும் மற்றொன்று மெலிந்தும் இருப்பின், திருகாணியை எத்துணை முறுக்கினாலும் மெலிந்தது தளர்ந்தே நிற்கும். கீழ்வாய் எத்திசை நோக்குகிறது என்பதையும் மறத்தலாகாது. மேலே பொருந்திய குழல் கீழே ஸ்டியரிங் தண்டில் இடிப்பதுண்டு.

வாங்கிய குழலின் முகத்தில் நேரான இரும்புச் சட்டத்தை வைத்து ஒளி ஊடுருவுகிறதா என்று பார்ப்பர். ஊடுருவினால் முகத்தைக் கடைந்து சமன்செய்த பின்னரே, புது கேஸ்கட்டுடன் பொருத்துவர். திருகாணிகளை நடுவிலிருந்து இருபுறமாகச் சிறிது சிறிதாக முறுக்குவர். வண்டியைக் கிளப்பிச் செவிமடுப்பது மறுநாட் காலையிலேயே நன்று. எந்திரம் குளிர்ந்திருக்கையில் கசிவு இருப்பின் ‘டிக், டிக்’ என்னும் ஒலி கேட்கும். சூடேறி இரும்பு விரிந்தபின் இடைவெளி அடைபட்டு அவ்வொலி மறைந்துவிடுதலும் உண்டு.