தொடக்கப்பள்ளிகளில் காட்டுத்தீத் தடுப்புக் கல்வி: ஸ்மோக்கி பரப்புரை தரும் படிப்பினைகள்

ஆய்வுச் சுருக்கம்

காட்டுத்தீத் தடுப்பைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் முயற்சிகளுள் நீண்ட வரலாறு உடையது அமெரிக்க ஐக்கிய நாட்டின் 'ஸ்மோக்கி' கரடிப் பரப்புரையாகும். 1944ஆம் ஆண்டில் தோன்றிய அப்பரப்புரை எதனைக் கற்பித்தது, எதனைக் கூறாது விட்டது, அக்குறையைப் பிற்காலப் பாடத்திட்டம் எவ்வாறு ஈடுசெய்ய முயன்றது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தீயைப் பற்றிய அச்சத்தை மட்டும் ஊட்டுதல் போதாது என்பதும், தீங்கு தரும் தீயையும் பயன் தரும் தீயையும் பிரித்தறியும் திறனை வளர்த்தலே இக்கல்வியின் நோக்கமாதல் வேண்டும் என்பதும் இதன் மையக் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: காட்டுத்தீ, தொடக்கக் கல்வி, ஸ்மோக்கி, சூழலியல் கல்வி, மேற்குத் தொடர்ச்சி மலை

முன்னுரை

தீ எரிவதற்கு எரிபொருள், வெப்பம், உயிர்வளி ஆகிய மூன்றும் வேண்டும். காட்டில் உலர்ந்த சருகும் புல்லும் எரிபொருளாகின்றன. காற்று உயிர்வளியைத் தருகிறது. முதற்பொறியை மின்னலும் தரக்கூடும். எனினும் பெரும்பாலான காட்டுத்தீக்கு மனிதரே காரணமாகின்றனர். அமெரிக்காவில் ஏறத்தாழ 85 விழுக்காட்டுத் தீ மனிதரால் மூள்வதாக அந்நாட்டுத் தேசியப் பூங்காப் பணித்துறை குறிப்பிடுகிறது. அணைக்காமல் விட்ட முகாம் நெருப்பு, கவனமின்றி எரித்த குப்பை, வீசியெறிந்த சிகரெட்டுத் துண்டு ஆகியவை அவற்றுள் அடங்கும். எனவே காட்டுத்தீத் தடுப்பு என்பது பெருமளவு மனித நடத்தை சார்ந்தது. நடத்தை இளமையிலேயே உருப்பெறுவதால் தொடக்கப்பள்ளி இக்கல்விக்குரிய களமாகிறது.

ஸ்மோக்கி பரப்புரையின் தோற்றமும் வளர்ச்சியும்

இரண்டாம் உலகப்போரின்போது தீயணைக்கும் ஆடவர் பலர் போர்முனைக்குச் சென்றனர். காட்டுத்தீயைப் பொதுமக்களே தடுக்க வேண்டிய சூழல் உருவாயிற்று. 1942இல் கூட்டுறவு முறையிலான தடுப்புப் பரப்புரை ஒன்று தொடங்கப்பட்டது. வால்ட் டிஸ்னியின் 'பாம்பி' மான்குட்டி சிறிது காலம் அதன் சுவரொட்டியில் இடம்பெற்றது. 1944இல் ஸ்மோக்கி என்னும் கரடி அவ்விடத்தைப் பெற்றது. ஆல்பர்ட் ஸ்டேலி வரைந்த முதற்படத்தில் அக்கரடி முகாம் நெருப்பின்மீது நீர் ஊற்றுவதாகக் காட்டப்பட்டது. 1947இல், காட்டுத்தீயைத் தடுக்க உங்களால் மட்டுமே இயலும் என்னும் பொருளுடைய முழக்கம் அதனுடன் இணைந்தது.

1950இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் கேப்பிட்டன் மலையில் பற்றிய தீயிலிருந்து தீக்காயங்களுடன் கரடிக்குட்டி ஒன்று மீட்கப்பட்டது. அதற்கு ஸ்மோக்கி என்றே பெயரிட்டு வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் வளர்த்தனர். சுவரொட்டியில் கண்ட கரடியைச் சிறுவர்கள் நேரிலும் காண முடிந்தது. அதற்கு வந்த கடிதங்களின் பெருக்கத்தால் 1964இல் தனி அஞ்சல் குறியீட்டு எண்ணே வழங்கப்பட்டது.

கல்வியியல் நோக்கில் இப்பரப்புரைக்கு இரண்டு சிறப்புகள் உள. ஒன்று, அருவமான ஆபத்தைக் குழந்தை அன்பு செலுத்தும் ஓர் உயிரின் துன்பமாக மாற்றியது. மற்றொன்று, நீரூற்றி அணைத்தல் போன்ற செய்யத்தக்க செயலைக் காட்டிப் பொறுப்பைத் தனிமனிதரிடம் ஒப்படைத்தது.

முழக்கத்தின் குறையும் சொல் மாற்றமும்

அமெரிக்க வனப்பணித்துறை 1935 முதல், கண்டறியப்பட்ட தீயை மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்னும் கொள்கையைப் பின்பற்றியது. ஸ்மோக்கி அக்கொள்கையை உருவாக்கவில்லை. ஆயினும் எல்லாத் தீயும் பகை என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்ற அது துணைநின்றது. இயல்பாக அவ்வப்போது சிறுதீ பரவும் காடுகளில் தீயை முற்றாக விலக்கியதால் சருகும் அடர்புதரும் திரண்டன. பின்னர் மூண்ட தீ மேலும் கடுமையாயிற்று. தொல்குடிகள் காட்டைப் பேணக் கையாண்ட திட்டமிட்ட எரிப்பு முறைகளும் தடைக்குள்ளாயின.

2001இல் முழக்கத்திலிருந்த 'ஃபாரஸ்ட் ஃபயர்' என்னும் சொல் 'வைல்ட்ஃபயர்' என மாற்றப்பட்டது. முன்னது காட்டில் எரியும் தீ. பின்னது கட்டுக்கடங்காத தீ. வனத்துறையினர் திட்டமிட்டு மூட்டும் தீயை இதனின்று வேறுபடுத்துவதும் இம்மாற்றத்தின் நோக்கமாகும். தமிழில் 'காட்டுத்தீ' என்னும் ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால், இவ்வேறுபாட்டை ஆசிரியர் விளக்கத்தால் உணர்த்த வேண்டியுள்ளது.

தீப்பெட்டிக் குச்சிக் காடு

மொண்டானா மாநிலத்தின் மிசூலா தீ அறிவியல் ஆய்வகம் உருவாக்கிய 'ஃபயர்வொர்க்ஸ்' பாடத்திட்டம் இவ்வேறுபாட்டைச் செயல்வழி கற்பிக்கிறது. அதன் சோதனைகளுள் ஒன்றில், துளையிட்ட பலகையில் தீக்குச்சிகள் மரங்களைப் போல் நடப்படுகின்றன. குச்சிகளின் நெருக்கத்தையும் பலகையின் சாய்வையும் மாற்றி எரிக்கும்போது, நெருக்கமான குச்சிகளில் தீ எளிதில் தாவுவதும், மேல்நோக்கிய சரிவில் விரைவதும் மாணவர்க்குப் புலனாகின்றன. தடித்த பட்டையுடைய பாண்டரோசா பைன் சிறுதீயைத் தாங்குவதும், லாட்ஜ்போல் பைனின் பிசினால் மூடிய கூம்புகள் வெப்பத்தால் திறந்து விதை சிந்துவதும் அப்பாடத்திட்டம் விளக்கும் செய்திகளாகும்.

ஏறத்தாழ ஏழு வயது முதல் குழந்தைகள் கண்முன் உள்ள பொருள்களைக்கொண்டு காரண காரியம் உணர்கின்றனர் என்பது பியாஜேயின் கருத்து. இதன்படி, முதலிரு வகுப்புகளுக்குத் தீப்பெட்டியைத் தொடாமை, புகை கண்டால் பெரியவரிடம் உடனே கூறுதல் ஆகிய விதிகளே போதுமானவை. மூன்றாம் வகுப்பு முதல் காரணங்களை விளக்கலாம். எரித்துக்காட்டும் செயலை ஆசிரியரே, நீரும் மணலும் அருகில் வைத்துக்கொண்டு, திறந்தவெளியில் செய்தல் வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலில்

2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவில் தீ மேல்நோக்கி விரையும் என்னும் அறிவு உயிர்காக்கும் அறிவு என்பதற்கு இது துயரமிகு சான்றாகும்.

அதே வேளையில், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் கோடைத் தொடக்கத்தில் சருகை எரிக்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர். அவ்வழக்கம் தடைசெய்யப்பட்டபின் உண்ணிச்செடி மிகுந்தது என்பது அவர்தம் கருத்து. இத்தகைய குடியில் பிறந்த குழந்தையிடம், காட்டில் தீ மூட்டுவோர் அனைவரும் காட்டின் பகைவர் எனக் கற்பித்தால், அக்குழந்தை தன் பாட்டனையே குற்றவாளியாகக் காண நேரிடும். காப்புக்காட்டில் தீ மூட்டுதல் சட்டப்படி குற்றம் என்பதைக் கூறுவதோடு, முன்னோர் எப்போது, எதற்காக, எந்த அளவில் எரித்தனர் என்பதை ஊர்ப் பெரியவரிடம் கேட்டு வருமாறு மாணவரைப் பணிக்கலாம். வனப் பணியாளர் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கும் முறையை விளக்கச் செய்தலும் பயன் தரும்.

முடிவுரை

ஸ்மோக்கி பரப்புரை, குழந்தையின் அன்பையும் பொறுப்புணர்வையும் தூண்டுவதில் வெற்றி கண்டது. தீயின் இருவேறு இயல்புகளையும் உணர்த்துவதில் பின்தங்கியது. அதன் முழக்கம் திருத்தம் பெற அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. புதிதாகப் பாடம் வகுப்போர், பாதுகாப்பு விதி, தீயின் அறிவியல், வட்டார மக்களின் பட்டறிவு ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே இணைத்துவிடின் அக்காலத் தாழ்வைத் தவிர்க்கலாம். அடுத்த கோடையில் சருகு உலரும் காட்டருகே வாழப்போகும் சிறுவர்க்கு இவ்வறிவு உடனே தேவைப்படுவதாகும்.