பளு தூக்கும் யந்திரங்களின் வாடகைக் கணக்கு

கிணற்றை ஆழப்படுத்துவதற்கும், சிறு பாலத்துக்குக் குழாய் இறக்குவதற்கும், வாய்க்கால் மேல் கான்கிரீட் பலகை பரப்புவதற்கும் கிராமத்தார் கிரேன் முதலிய யந்திரங்களை வாடகைக்கு அமர்த்துவது சாதாரணமாகிவிட்டது. ஒரு கூட்டுறவுச் சங்கம் இவ்வித வேலையை மேற்கொள்ளும்போது நிர்வாகக் கமிட்டியார் முதலில் கேட்பது, "மணிக்கு வாடகை என்ன?" என்பதே. கேட்க வேண்டியதுதான். ஆனால் மணிக்கூலி குறைவாயிருப்பதனாலேயே வேலை மலிவாக முடியும் என்று எண்ணுவது பிசகு. கவலை இறைத்த காலத்தில் எருது சும்மா நின்றால் அது தின்னும் வைக்கோல் மட்டுமே செலவு. வாடகை யந்திரமோ நிற்கும் நேரத்துக்கும் கூலி கேட்கிறது.

மணிக்கூலியோடு வேறு சில செலவுகளும் சேரும். யந்திரம் டவுனிலிருந்து வந்து திரும்பும் வழிச்செலவு, டீசல், ஓட்டுநரின் சம்பளமும் படியும், வரி ஆகியவை கூலிக்குள் அடங்கினவா அல்லவா என்று கேட்டறிதல் அவசியம். பெரும்பாலும் இத்தனை மணிக்குக் குறையாமல் வாடகை உண்டு என்ற நிபந்தனையும் இருக்கும். அப்படியிருக்க, அரைமணி வேலைக்காகக் கிரேனை வரவழைக்கும் சங்கம் அந்த முழு நேரத்துக்கும் பணம் கட்ட நேரும். அக்கம்பக்கத்துச் சங்கங்கள் கலந்து பேசி ஒரே நாளில் தத்தம் வேலைகளை வைத்துக்கொண்டால் வழிச்செலவு பங்காகும்.

இனி, கிணற்று வேலையை ஒரு கணக்கினால் பார்க்கலாம். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றை 3 அடி ஆழப்படுத்தினால் வெட்டியெடுக்கும் பாறை சுமார் 940 கன அடி. கருங்கல் கன அடிக்கு ஏறக்குறைய 75 கிலோ நிறையுள்ளதாகையால் மொத்தம் சுமார் 70 டன் ஆகும். இரும்புத் தொட்டி ஒரு தடவைக்கு அரை டன் கொள்ளுமானால் 140 தடவை தூக்க வேண்டும். தொட்டி மேலேறி, கொட்டி, மறுபடி கீழிறங்க 6 நிமிஷமும், கிணற்றுக்குள் இரண்டு ஆட்கள் அதை நிரப்ப 8 நிமிஷமும் ஆகுமென்று வைத்துக்கொண்டால், வேலை முடிய 32 மணி 40 நிமிஷம் செல்லும். நான்கு ஆட்களை இறக்கி 4 நிமிஷத்தில் நிரப்பினால் 23 மணி 20 நிமிஷத்தில் முடிந்துவிடும். மணிக்கு ரூ. 600 வாடகை என்று கொண்டால் மீதமாவது ரூ. 5,600. எட்டுமணி நாளாகக் கணக்கிட்டால் அதிகமாகச் செல்லும் ஆட்கூலி மூன்றரை ஆள்நாள்தான், ஆளுக்கு ரூ. 700 வீதம் ரூ. 2,450. இத்தொகைகள் கணக்கு விளங்குவதற்காகக் கொண்டவை; அந்தந்த ஊர் விகிதத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வெடிவைத்த பாறையை யந்திரம் வருமுன்பே உடைத்துக் குவித்து வைப்பதும் இதே வகையில் பலன் தரும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இரண்டு தொட்டிகளை வைத்துக்கொண்டு, ஒன்று மேலேறும்போதே மற்றொன்றை நிரப்பினால் இரண்டு ஆட்களைக் கொண்டே 19 மணிக்குள் வேலை முடிந்துவிடுமே என்று கணக்குத் தெரிந்தவர் யாரேனும் சொல்லக்கூடும். கணக்கு சரிதான். ஆனால் 20 அடி வட்டத்துக்குள் அரை டன் கல் அந்தரத்தில் தொங்க, அதன் கீழே மனிதர் குனிந்து வேலை செய்வார்கள். தொட்டி விளிம்பிலிருந்து ஒரு கல் நழுவினாலும் போதும். தொட்டி ஏறும் 6 நிமிஷமும் ஆட்கள் எதிர்ப்புறத்தில் ஒதுங்கி நிற்பதற்காகச் செல்லும் வாடகையைக் கமிட்டியார் வீண்செலவாகக் கருதலாகாது. தொட்டியை விளிம்புக்குக் கீழாகவே நிரப்பவேண்டும். அதிலேறி மனிதர் போக்குவரத்துச் செய்ய ஒருபோதும் இடங்கொடுக்கக்கூடாது.

எல்லா வேலைக்கும் கிரேன் வேண்டுமென்பதில்லை. ஒரே ஒரு மோட்டாரையோ பம்பையோ தூக்கி வைக்க முக்காலியும் சங்கிலிக் கப்பியும் போதும். கைச்சங்கிலியைப் பல அடி இழுத்தால்தான் பளு ஓரடி உயரும், வேலை மந்தமே. ஆனால் வாடகை நாட்கணக்கில் சொற்பம், டீசலும் இல்லை. பளுக்கள் பலவாயும், தூர எட்டி வைக்க வேண்டியனவாயும் இருந்தால் கிரேனே சிலாக்கியம். அப்போதும் அதன்மீது எழுதியுள்ள டன் கணக்கைக் கண்டு ஏமாறலாகாது. அவ்வளவு பளுவை அது தன்னருகில்தான் தூக்கும். கை நீள நீளத் தாங்கும் சக்தி வெகுவாகக் குறையும். ஆகவே வாடகை பேசும்போது பளுவின் நிறையோடு, யந்திரம் நிற்குமிடத்துக்கும் பளு வைக்குமிடத்துக்கும் உள்ள தூரத்தையும் அளந்து சொல்லவேண்டும். இல்லையேல் வந்த யந்திரம் தூக்க மாட்டாமல் திரும்பும். வழிச்செலவு சங்கத்தின் தலையில் விழும்.

பலகையைக் கட்டும் கயிறும் கவனத்துக்குரியது. கொக்கியிலிருந்து இறங்கும் இரு கயிறுகளுக்கும் இடையே 120 பாகை விரிவு இருந்தால், ஒவ்வொரு கயிறும் பாதிப் பளுவையன்று, முழுப் பளுவையே தாங்க வேண்டியதாகிறது. கயிறு நீளமாயும் விரிவு குறைவாயும் இருப்பது நன்று.

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-வது பிரிவு, தொழிற்சாலைகளிலுள்ள பளு தூக்கும் யந்திரங்களையும் சங்கிலி, கயிறுகளையும் தகுதியுள்ளவர் 12 மாதத்துக்கு ஒரு தடவையேனும் பரிசோதிக்க வேண்டுமென்றும், தாங்கக்கூடிய பளுவை யந்திரத்தில் தெளிவாகக் குறிக்க வேண்டுமென்றும் விதித்தது. கிராமக் கிணறு தொழிற்சாலையன்று. எனினும் சங்கத்தார் அந்த அளவையே தமக்கும் வைத்துக்கொண்டு, பரிசோதனைப் பத்திரத்தைப் பார்த்த பின்பே முன்பணம் கொடுக்கலாம். இழை அறுந்த கம்பிக்கயிற்றோடு வரும் யந்திரத்தை, வாடகை பாதியே ஆனாலும், திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

யந்திரம் பழுதுபட்டு நிற்கும் நேரத்துக்கு வாடகை இல்லையென்பதையும், மழையினால் நின்றால் யார் பொறுப்பென்பதையும் முன்னதாகவே எழுதிக்கொள்வது உசிதம். வேலை நடக்குமிடத்தில் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்து, யந்திரம் தொடங்கிய நேரம், நின்ற நேரம், நின்ற காரணம் ஆகியவற்றை அன்றன்றே குறித்து, ஓட்டுநரும் காரியதரிசியும் கையொப்பமிட வேண்டும். பட்டுவாடா அந்தப் புத்தகத்தின்படியே நடக்கும்.