வீட்டுவிளைக்கு வரும் பறவைகள்

நெய்யாறு அணைக்குத் தெற்கே, பாறசாலைக்கு வடக்கே இருக்கிறது ஒற்றசேகரமங்கலம். இந்தப் பக்கத்து வீட்டுவிளைகளில் தென்னை, பலா, அயனி, முருங்கை, வாழை, மிளகுக்கொடி எல்லாம் கலந்து வளரும். பறவைகள் இங்கே தேடி வருவதற்கு இந்தக் கலப்புதான் காரணம். ஒரே மரத்தை வரிசையாக நட்ட ரப்பர் தோட்டத்தில் இத்தனை வகை இரை கிடைக்காது.

எந்தப் பறவை எங்கே வரும் என்பதை அதன் இரையே சொல்லிவிடும். கனிந்த பப்பாளிக்குச் செம்மீசைச் சின்னானும் குக்குறுவானும் வரும். வாழைப்பூவுக்கும் செம்பருத்திக்கும் தேன்சிட்டு வரும். சருகைக் கிளறிப் புழு பொறுக்குவது தவிட்டுக்குருவிக் கூட்டம். மழைக்காலம் முடிந்து வடக்கேயிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவிக்கும் அதே சருகுதான் வேண்டும். முற்றத்தைப் பெருக்கினாலும் விளையின் ஒரு மூலையில் சருகை விட்டுவைத்தால் அதைக் காணும் வாய்ப்பு கூடும். பட்ட மரமும் வீண் இல்லை. சின்னக் குக்குறுவான் மென்மையான பட்ட கிளையில்தான் வட்டமாகத் துளையிட்டுக் குஞ்சு பொரிக்கும்.

படம் எடுப்பதற்கு முன் சில நாள் வெறுமனே பார்க்க வேண்டும். தேன்சிட்டு பூவில் அலகை நுழைக்குமுன் எந்தக் காம்பில் அமர்கிறது, குண்டுகரிச்சான் எந்த வேலிக்கம்பிலிருந்து பாடுகிறது என்று தெரிந்துகொண்டால், பறவையைத் துரத்த வேண்டியதில்லை. அந்த இடத்துக்கு எதிரே, வெயில் நம் முதுகில் படும்படி, அசையாமல் காத்திருந்தால் போதும். விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம் நல்ல வெளிச்சம் கிடைக்கும். பறவைகளும் சுறுசுறுப்பாக இரை தேடும் நேரம் அது.

லென்ஸ் 300 அல்லது 400 மி.மீ. இருந்தால் தள்ளி நின்றே எடுக்கலாம். அமைதியாக அமர்ந்திருக்கும் குக்குறுவானுக்கு 1/250 விநாடி ஷட்டர் வேகம் போதும். துள்ளிக்கொண்டே இருக்கும் தேன்சிட்டுக்கு 1/1000, சிறகடிக்கும்போது 1/2000 வேண்டும். ஃபோகஸ் எப்போதும் கண்ணில் இருக்கட்டும். கண் தெளிந்தால் படத்துக்கு உயிர் வரும்.

கேமரா இல்லாத காலத்திலும் பறவையைப் பதிவுசெய்யும் ஆசை இருந்தது. 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டன், டி பெவேர் என்ற ஓவியரைக் கொண்டு அங்கிருந்த பறவைகளை வரையச் செய்தார். நீண்டு வளைந்த அலகுள்ள ஒரு தேன்சிட்டு இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. நம் விளைகளுக்கும் வரும் சிட்டுதான் அது.

படத்தோடு நாள், நேரம், இடம் சேர்ந்தால் அது ஆராய்ச்சிக்கு உதவும் சான்றாகிவிடும். 2015 முதல் 2020 வரை நடந்த கேரளப் பறவை வரைபடத் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் மாநிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, வறண்ட காலத்திலும் மழைக்காலத்திலும் கணக்கெடுத்து, 361 இனங்களைப் பதிவுசெய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை ஆய்வாளர்கள் அல்லர். நம் வீட்டுப் பட்டியலை ‘இபேர்ட்’ தளத்தில் நாமும் சேர்க்கலாம். ஒவ்வொரு பிப்ரவரியிலும் உலகெங்கும் நான்கு நாள் நடக்கும் வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ள, 15 நிமிடம் கவனித்தாலே போதும்.

படம் ஒன்றுக்காகப் பறவை துன்பப்படக் கூடாது. கூட்டை மறைக்கும் இலையை விலக்கினால் காக்கையின் கண்ணுக்கு அது தெரிந்துவிடும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டால், எல்லையில் எதிரி புகுந்ததென்று நம்பி ஆண்பறவை இரையை விட்டுவிட்டு அலையும். கூட்டின் பக்கம் ஃபிளாஷும் வேண்டாம்.

இதற்கெல்லாம் தொடக்கமாக, நிழலில் இரண்டு விரற்கடை ஆழத்தில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வையுங்கள். கொசு முட்டையிடாதபடி தினமும் மாற்றுங்கள். பட்ட மரம் வீட்டின்மேல் விழும் ஆபத்து இல்லையென்றால் வெட்டாமல் நிற்கவிடுங்கள். விலையுயர்ந்த லென்ஸ் வாங்குவதைவிட இந்த இரண்டும் அதிகப் பறவைகளை உங்கள் கண்முன் கொண்டுவரும்.