கொட்டகையில் உறங்கும் ஹெரால்டு

ஒரு குடும்பத்தின் வரலாறு பத்திரங்களில் மட்டும் எழுதப்படுவதில்லை. பாட்டியாரின் வெண்கலப் பானையும் பாட்டனாரின் சுவர்க் கடிகாரமும் அவ்வரலாற்றைச் சொல்கின்றன. சில வீடுகளில், கொட்டகையின் ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் பழைய மோட்டார் காரும் அதனைச் சொல்லும். அதை எடைக்குப் போடுவதா, சீர்ப்படுத்தி ஓட்டுவதா என்று வீட்டில் வழக்கு எழும்போது பெரியவர்கள் ஒன்று சொல்வர்; பிள்ளைகள் வேறொன்று சொல்வர். சீர்ப்படுத்துவதென்றால் அதை எவ்வாறு செய்வது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நமக்கு அயலாரன்று. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரும் ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் அதனை உருவாக்கிய ஆலை இருந்தது. 1948இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், 1961 முதல் 1971 வரை இக்காரைத் தயாரித்தது. அதன்பின் அதனைச் சற்றே மாற்றி, 1972 முதல் 1977 வரை கெசல் என்னும் பெயரில் விற்றது. பின்னாளில் அவ்வாலை மூடப்பட்டது.

ஹெரால்டின் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே 1959இல் ட்ரயம்ஃப் ஹெரால்டு என்னும் பெயரில் அது வெளிவந்தது. அதற்கு வடிவம் தந்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். அதே அடிச்சட்டத்தைச் சுருக்கி, 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற விளையாட்டுக் காரை ஆங்கிலேயர் உருவாக்கினர். ஆகவே நம் ஊர்க் குடும்பக் காரும் அந்தப் பந்தயக் குதிரையும் ஒரு தாய் மக்களே. சோழவரம் விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களில் நம் ஹெரால்டுகளும் ஓடியதில் வியப்பில்லை.

வீட்டிலேயே சீர்ப்படுத்துவதற்கு இதனினும் ஏற்ற கார் அரிது. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1950களில் ஸ்டாண்டர்டு நிறுவனத்திற்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. எனவே முழுக் கூட்டையும் ஒன்றாக வார்க்காமல், தனித்தனித் துண்டுகளாகச் செய்து, சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தின் மீது போல்ட்டுகளால் பூட்டும் முறையை அவர்கள் கைக்கொண்டனர். அன்று நெருக்கடியில் பிறந்த அந்த ஏற்பாடு இன்று நமக்கு வரமாயிற்று. முன்புற மூடி முழுவதும் முன்னோக்கிச் சாயும். டயரின் மீதே அமர்ந்து 948 சி.சி. எஞ்சினைப் பழுதுபார்க்கலாம். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த தந்தையும் மகனும் பெரும்பகுதியைத் தாமே கழற்றிவிட முடியும்.

ஆனால் இங்கேதான் பலர் தடம் புரள்கின்றனர். முதலில் பெயிண்ட் அடித்து, குஷன் தைத்து, குரோமியம் பூசி அழகு பார்க்கின்றனர். அடியில் சட்டம் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருக்கிறது. வெளிப்பூச்சு எத்துணை மின்னினாலும் காரைத் தாங்குவது கண்ணுக்குத் தெரியாத அச்சட்டமே. மரக்காணத்து உப்புக்காற்றும் நம் பகுதியின் ஐப்பசி, கார்த்திகை மழையும் இரும்புக்குப் பகை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைச் சூழ்ந்தபோது, தாழ்ந்த இடத்தில் நின்ற வண்டிகள் பட்ட பாட்டை நாம் அறிவோம். ஆகவே ஸ்க்ரூடிரைவரின் முனையால் சட்டத்தை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கும் இடத்தை வெட்டி நீக்கிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதே முதல் வேலை.

அடுத்து, உயிருக்குப் பொறுப்பான மூன்று உறுப்புகள். முன்சக்கரத்தின் கீழே டிரனியன் என்னும் வெண்கல மூட்டு உள்ளது. அதற்கு கிரீஸ் அடிப்பதே நம்மூர் வழக்கம். ஆனால் கெட்டியான கிரீஸ் உள்மரைகளுக்கு எட்டுவதில்லை. 90ஆம் எண் கியர் ஆயிலையே ஏற்ற வேண்டும். இல்லையேல் மரை அரித்து, ஓடும்போதே மூட்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும். இரண்டாவது பிரேக். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். ஒரு குழாய் உடைந்தால் பிரேக் முற்றிலும் போய்விடும். எனவே பழைய ரப்பர்களையும் குழாய்களையும் மிச்சமின்றி மாற்றுங்கள். மூன்றாவது பின் ஆக்சில். வளைவில் வேகமாகச் சென்று திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கிக் கார் சுழன்றுவிடக்கூடும். பின்வந்த கெசலில் ஆக்சிலை மாற்றினர். இன்றைய நான்குவழிச் சாலையின் வேகத்திற்கு ஹெரால்டு பிறக்கவில்லை என்பதை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டு முதல் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. பழைய வால்வு இருக்கைகள் அதனால் விரைந்து தேயும். லேத் பட்டறையில் கடின உலோக வளையங்கள் பொருத்திக்கொள்ளலாம். இப்போது எங்கும் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்களை ஊறச் செய்து, டாங்கியில் ஈரத்தைச் சேர்க்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை இடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாவிடில் டாங்கியை வடித்துவிடுங்கள்.

வீட்டில் செய்யும் வேலை என்பதால் இரு எச்சரிக்கைகள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் அடியில் படுக்காதீர்கள். உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே நுழையுங்கள். பழைய பிரேக் பட்டைகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் உண்டு. அத்தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகங்களைத் தேடலாம். ஸ்பிட்ஃபயர் 1980 வரை தயாரானதால், இரண்டிற்கும் பொதுவான பாகங்கள் இங்கிலாந்திலிருந்தும் கிடைக்கின்றன. ஆனால் நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே பிறந்தது. அதன் பின்கதவுகளை அங்கே தேடிப் பயனில்லை. கைத்திறன் மிக்க டிங்கரிங் தொழிலாளியே அதற்கு வழி. அக்கைத்திறன் படைத்தோர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களுக்குப் பின் அவ்வேலை அறிந்தார் யார்? ஒரு காரைச் சீர்ப்படுத்தும் இளைஞன் அவர்கள் அருகே நின்று கற்றுக்கொண்டால், காரோடு ஒரு தொழிலும் பிழைக்கும்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1971இல் வெளிவந்த ஹெரால்டும் இன்று 50 வயதைக் கடந்துவிட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, அடிச்சட்டமும் உடற்கூடும் எஞ்சினும் பெருமாற்றமின்றி இருக்கும் சொந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிய, 2021 ஜூலையில் நடுவண் அரசு விதி வகுத்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றிற்கே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்திற்கு அன்று. எது தமக்கு ஏற்றது என்பதை விழுப்புரம் அல்லது திண்டிவனம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பின்னரே பணத்தை இறக்குங்கள்.

இறுதியாக, குடும்பத் தலைவர்களுக்கு ஒரு சொல். பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் அடுப்படிச் செலவும் போக மிஞ்சுவதைக் கொண்டே இப்பணி நடக்கட்டும். கடன் வாங்கி நடக்க வேண்டாம். இம்மாதம் பிரேக், அடுத்த மாதம் டிரனியன் என்று முறை வைத்துச் செய்யுங்கள். ஆண்டுகள் சில ஆகலாம், ஆகட்டும். வண்ணம் கடைசியில் வரட்டும். அடிச்சட்டம் உறுதியாக இருக்குமாயின், பாட்டனார் ஓட்டிய காரில் பேரப்பிள்ளைகள் அச்சமின்றி அமர்ந்து செல்வர்.